தோற்றாலும் பார்க்கிற ரசிகர்!

தோற்றுக்கொண்டிருக்கும் அணியை எதற்காக உட்கார்ந்து பார்க்கவேண்டும்?

கிரிக்கெட் ரசிகர் இருக்கிற எந்த வீட்டிலும் இந்தக் கேள்வி எழாமல் இருக்காது. கேட்பவர் பெரும்பாலும் வீட்டுக்கார அம்மாள்தான். கேட்க அவருக்கு முழு உரிமை உண்டு. மெல்போர்னிலோ சிட்னியிலோ பந்தயம் என்றால் நம் ஊரில் காலை 5 மணிக்கே ஆட்டம் தொடங்கிவிடும். ரசிகர் எழுந்தால் விளக்கு எரியும். விளக்கு எரிந்தால் குழந்தை விழித்துக்கொள்ளும். அப்புறம் ஐயாவுக்குக் காப்பி வேண்டும். தாம் ஏதோ பெரிய தியாகம் செய்வதாக ரசிகர் நினைத்துக்கொள்கிறார். பாதித் தியாகம் அடுப்பங்கரையில் அல்லவா நடக்கிறது!

ஆனாலும் அந்தக் கேள்விக்குப் பதில் உண்டு. 2020 டிசம்பரிலும் 2021 ஜனவரியிலும் நாமகிரிப்பேட்டை ரசிகர் அந்தப் பதிலைத் தம் கண்ணாலேயே பார்த்தார்.

யார் அந்த ரசிகர்?

அவருக்குப் பெயர் வேண்டாம். அவர் ஒருவர் அல்ல. மஞ்சள் மண்டியில் மூட்டை எடை போடுகிறவர் அவர். ராசிபுரத்துக்குப் பஸ் ஏறும் கல்லூரி மாணவரும் அவர். மரவள்ளிக் காட்டுக்குத் தண்ணீர் பாய்ச்சிவிட்டு, ஈரக் காலோடு டெலிவிஷன் முன்னால் வந்து உட்காருகிறவரும் அவர்தான்.

நாமகிரிப்பேட்டை மஞ்சளுக்குப் பேர்போன ஊர். செவ்வாய்க்கிழமை என்றால் மஞ்சள் ஏலம். விரலி, கிழங்கு, பனங்காளி என்று ரகம் பிரித்துக் குவித்து வைத்திருப்பார்கள். இந்த ஊரின் பெயரைத் தன் பெயரோடு சேர்த்து நாடெங்கும் கொண்டுபோனவர் நாதஸ்வர வித்துவான் நாமகிரிப்பேட்டை கிருஷ்ணன். மஞ்சளும் நாதஸ்வரமும் இருக்கிற ஊருக்குக் கிரிக்கெட்டோடு என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். ரசிகருக்குச் சம்பந்தம் தேவையில்லை. டெஸ்ட் பந்தயம் நடக்கும் சென்னை சேப்பாக்கம் மைதானமே இங்கிருந்து ஒரு ராத்திரிப் பயணம். ஆஸ்திரேலியாவோ கடல் தாண்டி இருக்கிறது. இரண்டும் அவருக்குத் தூரம்தான். இரண்டும் அவருக்குப் பக்கம்தான்.

ஆஸ்திரேலியாவில் இந்தியா தோற்பது புதிய சங்கதியும் அல்ல. 1947-48ல் முதல் முறை போனபோது 5 டெஸ்டில் 4 தோல்வி. 1967-68ல் 4 டெஸ்டிலும் தோல்வி. அப்போது டெலிவிஷன் ஏது? மறுநாள் பத்திரிகையில் ஸ்கோரைப் பார்த்து, உச்சுக்கொட்டிவிட்டு, பக்கத்தைத் திருப்புவார்கள். அப்படித் திருப்பிவிட்டவர்கள் ஒன்றைத் தவறவிட்டார்கள். அதே அணி அங்கிருந்து நேராக நியூஸிலாந்து போய் 3-1 என்று ஜெயித்தது. வெளிநாட்டில் இந்தியா ஜெயித்த முதல் டெஸ்ட் தொடர் அதுதான்!

சின்னப்பம்பட்டித் தம்பி

2020 நவம்பரில் இந்திய அணி சிட்னியில் இறங்கியது. கொரோனாக் காலம். 14 நாள் தனிமை. ஓட்டலும் மைதானமும் தவிர வேறு எங்கும் போகக்கூடாது. பிறகு ஒருநாள் பந்தயம். முதல் ஆட்டத்தில் ஆஸ்திரேலியா 374 ரன் அடித்தது. இரண்டாவதில் 389. இரண்டிலும் இந்தியா தோற்றது. தொடர் போய்விட்டது.

டிசம்பர் 2ந் தேதி மூன்றாவது ஆட்டம் கான்பெராவில். அன்றைக்குப் புதிதாக ஒருவர் தொப்பி வாங்கினார். இடது கைப் பந்து வீச்சாளர். 29 வயது. பெயர் நடராஜன். ஊர் சேலம் ஜில்லா சின்னப்பம்பட்டி.

நாமகிரிப்பேட்டை ரசிகர் நிமிர்ந்து உட்கார்ந்தார். 1997ல் நாமக்கல் தனி மாவட்டம் ஆகும்வரை இரண்டும் ஒரே சேலம் ஜில்லாதானே! 'நம்ம ஜில்லாப் பையன்' என்று சொல்லிக்கொள்ள அது போதும்.

நடராஜனின் தகப்பனார் தறி வேலை பார்த்தவர். தாயார் சாலையோரத்தில் கோழிக்கறிக் கடை போட்டவர். 20 வயதுவரை டென்னிஸ் பந்தில்தான் விளையாட்டு. கிரிக்கெட் பந்தைப் பிடித்தது அதற்குப் பிறகு. கைதூக்கிவிட்டவர் அதே ஊர் ஜெயப்பிரகாஷ். அந்த நன்றிக்காக 'ஜே.பி. நட்டு' என்று சட்டையில் எழுதிக்கொண்டு ஆடியவர் நடராஜன். 2015ல் தமிழ்நாட்டுக்காக ரஞ்சிக் கோப்பை ஆடியபோது பந்து வீசும் முறையில் சந்தேகம் என்று புகார் வந்தது. வேறு ஒருவராக இருந்தால் ஊருக்குத் திரும்பித் தறியில் உட்கார்ந்திருப்பார். இவர் பந்து வீசும் முறையை மாற்றி முதலிலிருந்து பழகினார்.

ஆஸ்திரேலியாவுக்கு அவரை ஆடுவதற்காக அழைத்துப் போகவில்லை. வலைப் பயிற்சியில் மற்றவர்களுக்குப் பந்து போடத்தான் கூட்டிப்போனார்கள். ஒருவருக்குத் தோளில் காயம், இன்னொருவருக்கு முதுகுவலி என்று இடம் காலியாகிக் காலியாகி அவர் முறை வந்தது. கான்பெராவில் 2 விக்கெட் எடுத்தார். இந்தியா 13 ரன்னில் ஜெயித்தது. இரண்டு நாள் கழித்து 20 ஓவர் ஆட்டத்தில் 3 விக்கெட். அந்தத் தொடர் 2-1 என்று இந்தியாவுக்கு. தொடர் நாயகன் பரிசு வாங்கிய ஹார்திக் பாண்டியா, 'இது நடராஜனுக்குப் போகவேண்டியது' என்கிற விதமாகப் பேசி, கோப்பையை அவர் கையிலேயே கொடுத்தார்.

வீட்டில் பெண் குழந்தை பிறந்து ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. தகப்பன் இன்னும் முகம் பார்க்கவில்லை. 20 ஓவர் ஆட்டங்கள் முடிந்ததும் ஊருக்கு வந்துவிடலாம் என்ற நிலையில், டெஸ்ட் முடியும்வரை வலையில் பந்து போட இருக்கச் சொன்னார்கள். இருந்தார்.

36!

டிசம்பர் 19, சனிக்கிழமை. அடிலெய்டில் முதல் டெஸ்டின் மூன்றாம் நாள். இது பகல்-இரவு ஆட்டம். அதனால் நம் ஊரில் காலை ஒன்பதரை மணிக்குத் தொடக்கம். இந்தியா முதல் இன்னிங்ஸில் 53 ரன் முன்னிலையில் இருந்தது. ரசிகர் சாவகாசமாகக் குளித்துவிட்டு வந்து உட்கார்ந்தார்.

உட்கார்ந்ததுதான் தாமதம்! ஒருவர் பின் ஒருவராகப் போனார்கள். பூஜாரா 0. ரகானே 0. கோலி 4. ஒருவர்கூட 10 ரன் எடுக்கவில்லை. ஹேஸல்வுட் 8 ரன் கொடுத்து 5 விக்கெட் எடுத்தார். கடைசி ஆட்டக்காரர் முகமது ஷமியின் கையில் பந்து பட்டு எலும்பு முறிந்தது. மொத்தம் 36 ரன். இந்திய டெஸ்ட் வரலாற்றில் இதைவிடக் குறைவான ஸ்கோர் கிடையாது. 1974ல் லார்ட்ஸ் மைதானத்தில் எடுத்த 42தான் அதுவரை கடைசிப்படி.

அன்று என்னென்ன பேச்சு! 'பணத்துக்கு ஆடுகிறவர்கள்' என்றார்கள். 'திரும்பி வரச்சொல்லுங்கள்' என்றார்கள். பழைய பெரிய ஆட்டக்காரர்கள் சிலரே 4-0 என்று தோற்கும் என்று ஜோசியம் சொன்னார்கள். தலைவர் கோலி மனைவியின் பிரசவத்துக்காக ஊர் திரும்பினார். ஷமியும் போய்விட்டார். நடுங்கும் பந்தலில் இரண்டு கால்களையும் பிடுங்கியதுபோல் ஆயிற்று.

இங்கேதான் ரசிகர்கள் இரண்டாகப் பிரிந்தார்கள். ஒரு கூட்டம் டெலிவிஷனை அணைத்தது. இன்னொரு கூட்டம் திட்டிக்கொண்டே அடுத்த டெஸ்ட் எப்போது என்று தேதி பார்த்தது. இந்த இரண்டாவது கூட்டத்தைப் பற்றித்தான் இங்கே பேச்சு. திட்டுவது தவறல்ல. 36 ரன்னுக்குத் திட்டாமல் வேறு எதற்குத் திட்டுவது? ஆனால் திட்டியவர் மறுபடி வந்து உட்காருகிறாரா என்பதுதான் கேள்வி.

ஏகாதசிக்கு மறுநாள்

டிசம்பர் 25 வைகுண்ட ஏகாதசி. பெருமாள் கோவிலுக்குப் போய்க் கண்விழித்தவர்கள் பலர். மறுநாள் விடியற்காலை 5 மணிக்கு மெல்போர்ன் டெஸ்ட். மார்கழிக் குளிர். வெளியே கோவில் ஒலிபெருக்கி. வாசலில் கோலம். உள்ளே கிரிக்கெட்.

ரகானே தலைமை. நிதானமான மனிதர். ஆஸ்திரேலியா 195 ரன்னில் ஆட்டம் இழந்தது. ரகானே 112 அடித்தார். 29ந் தேதி செவ்வாய்க்கிழமை இந்தியா 8 விக்கெட் வித்தியாசத்தில் ஜெயித்தது. 36 அடித்துப் பத்தே நாள்!

அந்த டெஸ்டில் முதன்முதலாக ஆடியவர் முகமது சிராஜ். ஐதராபாத் ஆட்டோ டிரைவரின் மகன். அணி சிட்னியில் தனிமையில் இருந்தபோது, நவம்பர் 20ந் தேதி, அவர் தகப்பனார் இறந்துவிட்டார். ஊருக்குப் போகலாம் என்றார்கள். மகன் இந்தியாவுக்கு ஆடவேண்டும் என்பது தகப்பனாரின் ஆசை. அதனால் சிராஜ் போகவில்லை. மெல்போர்னில் 5 விக்கெட் எடுத்தார்.

ஒருவர் பிறந்த மகளைப் பார்க்கவில்லை. ஒருவர் இறந்த தகப்பனைப் பார்க்கவில்லை. 'பணத்துக்கு ஆடுகிறவர்கள்' என்ற பேச்சு இதற்கு முன்னால் எங்கே நிற்கும்?

டிரா என்றால் என்ன?

சிட்னி டெஸ்ட் ஜனவரி 7 முதல் 11 வரை நடந்தது. இந்தச் சுற்றுப்பயணத்தின் உயிர் இங்கேதான் இருக்கிறது. ஜெயித்த டெஸ்டைவிட இந்த ஜெயிக்காத டெஸ்டைப் பற்றித்தான் அதிகம் பேசவேண்டும்.

முதலில் டிரா என்றால் என்ன என்று, கிரிக்கெட் தெரியாத வீட்டாருக்குச் சொல்லவேண்டும். டெஸ்ட் பந்தயம் ஐந்து நாள். ஐந்தாம் நாள் சாயங்காலத்துக்குள் கடைசியாக மட்டை பிடிக்கும் அணி இலக்கை எட்டினால் அதற்கு வெற்றி; அதன் 10 விக்கெட்டையும் வீழ்த்தினால் எதிரிக்கு வெற்றி. இரண்டும் நடக்காவிட்டால் யாருக்கும் வெற்றி இல்லை, அதுதான் டிரா. 'ஐந்து நாள் ஆடி யாரும் ஜெயிக்கவில்லையா? இது என்ன விளையாட்டு?' என்று சிரிப்பார்கள்.

நாமகிரிப்பேட்டைக்காரர்கள் சிரிக்க வேண்டியதில்லை. மஞ்சளை வெட்டி, வேகவைத்து, களத்தில் காயப்போட்டிருக்கும்போது மானம் கறுக்கிறது. குடும்பமே ஓடுகிறது. கூட்டிக் குவித்துத் தார்ப்பாய் போட்டு மூடுகிறார்கள். மழை பெய்து ஓய்கிறது. மஞ்சள் நனையவில்லை, நிறம் கெடவில்லை. அன்றைக்கு ஒரு ரூபாய் லாபம் உண்டா? கிடையாது. ஆனால் அன்றைக்கு அந்தக் குடும்பம் ஒன்றும் செய்யவில்லை என்று யாராவது சொல்லமுடியுமா? சிட்னியில் நடந்ததும் அதுதான்.

இந்தியாவுக்கு 407 ரன் இலக்கு. கடைசி நாள் காலையில் 2 விக்கெட் போய்விட்டது. சிறிது நேரத்தில் ரகானேயும் அவுட். ரிஷப் பந்த் முழங்கையில் அடிபட்டவர். அந்தக் கையோடு வந்து 97 ரன் அடித்தார். பூஜாரா 77. அவர்கள் இருவரும் போனபோது ஸ்கோர் 5 விக்கெட்டுக்கு 272. இன்னும் 40 ஓவருக்கு மேல் பாக்கி. ஜடேஜாவுக்குக் கட்டைவிரல் உடைந்துவிட்டது. உடைந்த விரலோடு கால்காப்புக் கட்டிக்கொண்டு தயாராக உட்கார்ந்திருந்தார்.

களத்தில் இருந்தவர்கள் இருவர். ஒருவர் ஹனுமா விஹாரி. ஒரு ரன் ஓடும்போது தொடைச் சதை கிழிந்துவிட்டது. ஓடமுடியாது. இன்னொருவர் நம் சென்னை அஸ்வின். முதுகுவலி. அன்று காலை குனிந்து பூட்ஸ் கயிறு கட்டக்கூட முடியவில்லை என்று அவர் மனைவி பிறகு எழுதினார். ஓடமுடியாதவர் ஒருவர், குனியமுடியாதவர் ஒருவர்!

இருவரும் 259 பந்துகளைச் சமாளித்தார்கள். சேர்த்தது 62 ரன். விஹாரி 161 பந்தில் 23. அஸ்வின் 128 பந்தில் 39. இருவரும் கடைசிவரை அவுட் ஆகவில்லை. நடுநடுவே ஸ்டம்பு மைக்கில் தமிழ்ப் பேச்சு கேட்டது. விஹாரி ஆந்திராக்காரர், ஆனால் தமிழ் புரியும். சிட்னி மைதானத்து நடுவில், ஆஸ்திரேலிய வீரர்கள் சூழ்ந்து நிற்க, அஸ்வின் தமிழில் தைரியம் சொல்லிக்கொண்டிருந்தார். நாமகிரிப்பேட்டை ரசிகருக்கு வேறு என்ன வேண்டும்?

ஆஸ்திரேலியத் தலைவர் டிம் பெய்ன் ஸ்டம்புக்குப் பின்னால் நின்று அஸ்வினைச் சீண்டிக்கொண்டே இருந்தார். வாய் வேலை செய்த அளவு கை வேலை செய்யவில்லை. சற்று நேரத்தில் விஹாரி கொடுத்த காட்சைக் கோட்டை விட்டார்! மறுநாள் பத்திரிகைக்காரர்களை அழைத்துத் தம் பேச்சுக்கு மன்னிப்புக் கேட்டார். அதைச் சொல்லாமல் விடுவது நியாயம் ஆகாது.

வெற்றி இல்லை. கோப்பை இல்லை. பட்டாசு இல்லை. ஆனால் அடிலெய்டில் டெலிவிஷனை அணைத்தவர்கள் இதைப் பார்க்கவில்லை. பார்த்தவர்கள் தங்கள் பிள்ளைகளுக்கு வருஷக்கணக்கில் சொல்லலாம்.

கூட்டத்தில் இருந்து வந்த வசை

அதே சிட்னியில் ஒரு அசிங்கமும் நடந்தது. எல்லைக்கோட்டருகே நின்ற சிராஜையும் பும்ராவையும் பார்வையாளர் சிலர் நிறத்தை வைத்தும் இனத்தை வைத்தும் ஏசினார்கள். ஜனவரி 10ந் தேதி சிராஜ் நடுவரிடம் போய்ச் சொன்னார். ஆட்டம் நின்றது. ஆறு பேரைப் போலீசார் வெளியேற்றினார்கள். ஆட்டத்தை விட்டுவிட்டுப் போகலாம் என்று நடுவர்கள் சொன்னதாகவும், 'தப்புச் செய்தது நாங்கள் அல்ல; ஆடுவோம்' என்ற கருத்தில் ரகானே மறுத்ததாகவும் சிராஜ் பிறகு தெரிவித்தார். ஆஸ்திரேலியக் கிரிக்கெட் வாரியம் மன்னிப்புக் கேட்டது.

இந்தியாவே கொதித்தது. கொதித்தது சரிதான். ஆனால் அந்தக் கொதிப்பை நம் ரசிகர்கள் தங்களுக்கும் வைத்துக்கொண்டார்களா? அதைப் பின்னால் பார்ப்போம்.

மாட்டுப் பொங்கலும் செவ்வாய்க்கிழமையும்

ஜனவரி 14 பொங்கல். நாமகிரிப்பேட்டைத் தோட்டத்து மஞ்சள் கொத்து ஊர் ஊராகப் போய்ப் பொங்கல் பானைக் கழுத்தில் ஏறும் நாள். மறுநாள் மாட்டுப் பொங்கல். மாட்டைக் குளிப்பாட்டிக் கொம்புக்கு வர்ணம் பூசவேண்டிய நேரத்தில் பிரிஸ்பேனில் நான்காவது டெஸ்ட் தொடங்கியது.

பும்ரா இல்லை. அஸ்வின் இல்லை. ஜடேஜா இல்லை. விஹாரி இல்லை. எல்லாரும் காயம். இருந்த பந்து வீச்சாளர்கள் ஐந்து பேர். அந்த ஐந்து பேரும் அதுவரை ஆடியிருந்த டெஸ்டுகளைக் கூட்டினால் நாலு! எதிரில் இருந்த ஆஸ்திரேலியப் பந்து வீச்சாளர்கள் நால்வர் ஆயிரத்துக்கும் மேல் விக்கெட் எடுத்தவர்கள். பிரிஸ்பேன் காபா மைதானத்தில் ஆஸ்திரேலியா 1988க்குப் பிறகு தோற்றதே கிடையாது.

வலையில் பந்து போடப் போன நடராஜனுக்கு அன்று டெஸ்ட் தொப்பி. இந்தியாவின் 300ஆவது டெஸ்ட் வீரர் அவர். 301 யார் தெரியுமா? சென்னை வாஷிங்டன் சுந்தர். ஒரே சுற்றுப்பயணத்தில் ஒருநாள், 20 ஓவர், டெஸ்ட் என்று மூன்றிலும் முதல் ஆட்டம் ஆடிய முதல் இந்தியர் நடராஜன்தான். மாட்டுப் பொங்கலன்று சதம் அடித்து நின்ற லபுஷேனை வீழ்த்தியதும் அவரே. அந்த இன்னிங்ஸில் 3 விக்கெட். சுந்தருக்கும் 3 விக்கெட். பிறகு இந்தியா 6 விக்கெட்டுக்கு 186 என்று தவித்தபோது சுந்தரும் ஷர்துல் தாக்கூரும் சேர்ந்து 123 ரன் எடுத்துக் கரை சேர்த்தார்கள். இரண்டாவது இன்னிங்ஸில் சிராஜ் 5 விக்கெட்.

இலக்கு 328. கடைசி நாள் ஜனவரி 19. செவ்வாய்க்கிழமை, ஏல நாள்!

அதுமட்டுமா? பத்து மாதம் மூடிக் கிடந்த பள்ளிக்கூடங்கள் 10ஆம் வகுப்புக்கும் 12ஆம் வகுப்புக்கும் அன்றுதான் தமிழ்நாட்டில் திறந்தன. பத்து மாதம் வீட்டில் இருந்த பிள்ளைகள், வரலாறு நடக்கும் அன்றைக்குப் பார்த்து வகுப்பில் உட்காரவேண்டியதாயிற்று. பாவம்!

சுப்மன் கில் 91. பூஜாரா 56. பூஜாராவின் உடம்பில் பத்துத் தடவைக்கு மேல் பந்து அடித்தது. விரலில், தோளில், விலாவில், ஹெல்மெட்டில். கீழே உட்காருவார்; எழுந்திருப்பார்; மறுபடி மட்டையைப் பிடிப்பார். இந்தத் தொடர் முழுவதும் அவர் எதிர்கொண்ட பந்துகள் 928. 'மெதுவாக ஆடுகிறார்' என்று அவரைக் குறை சொன்னவர்கள் உண்டு. வேகமாக அடித்தவர்கள் அடிக்க இடம் செய்துகொடுத்தது யார்?

மதியம். 18 பந்து பாக்கி. ரிஷப் பந்த் அடித்த பந்து எல்லைக்கோட்டை நோக்கி ஓடியது. இந்தியா 7 விக்கெட்டுக்கு 329. வெற்றி! தொடர் 2-1. அந்த நாலு டெஸ்டில் இந்தியா இறக்கிய வீரர்கள் மொத்தம் 20 பேர்.

சிராஜ் ஐதராபாத் விமான நிலையத்தில் இறங்கி நேராகத் தகப்பனாரின் கல்லறைக்குப் போனார். நடராஜனைச் சின்னப்பம்பட்டியில் குதிரை பூட்டிய ரதத்தில் ஏற்றி, மேளம் கொட்டி அழைத்துப் போனார்கள். 2023ல் அதே ஊரில் அவர் ஒரு கிரிக்கெட் மைதானம் கட்டித் திறந்தார். அவர் காலத்தில் ஊருக்கு இல்லாதது இப்போது பிள்ளைகளுக்கு இருக்கிறது.

அதே கை, அதே குழந்தை

இவ்வளவு பார்த்த ரசிகர்கள் ஒன்பது மாதத்தில் என்ன செய்தார்கள்?

2021 அக்டோபர் 24ந் தேதி துபாயில் 20 ஓவர் உலகக் கோப்பை ஆட்டம். பாகிஸ்தானிடம் இந்தியா 10 விக்கெட் வித்தியாசத்தில் தோற்றது. உடனே செல்போனில் வசை மழை. யாருக்கு? முகமது ஷமிக்கு. அடிலெய்டில் இந்தியாவுக்காக நின்று கை உடைந்தாரே, அதே ஷமிக்கு! அவர் பந்து வீச்சைத் திட்டவில்லை. அவர் மதத்தை இழுத்துத் திட்டினார்கள். மதத்தை வைத்து ஒருவரைத் தாக்குவதைவிடக் கேவலம் இல்லை என்ற பொருளில் கோலி வெளிப்படையாகப் பேசினார். அப்படிப் பேசியதற்காக அவருடைய கைக்குழந்தைக்கு மிரட்டல் வந்தது. அந்தக் குழந்தை பிறந்த தேதி தெரியுமா? 2021 ஜனவரி 11. அஸ்வினும் விஹாரியும் சிட்னியில் நின்று காப்பாற்றிய அதே நாள்.

சிட்னியில் ஆறு பேரைப் போலீசார் வெளியே கொண்டுபோனபோது கைதட்டிய நாடு இது. செல்போனை வைத்துக்கொண்டு வீட்டுக்குள் உட்கார்ந்து ஏசுகிறவனை எந்தப் போலீசார் எந்த வாயில் வழியாக வெளியேற்றுவது? அவனை நிறுத்தக்கூடியவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து ஆட்டம் பார்க்கிறவர்கள்தான். அண்ணன், தம்பி, மாமன், மச்சான், டீக்கடைச் சிநேகிதர். 'பந்து வீச்சைப் பேசு. பிறப்பைப் பேசாதே' என்று ஒருவர் சொன்னால் போதும். நாமகிரிப்பேட்டையில் சொல்வதற்கு ஆள் இல்லாமல் போகாது. சொல்லவேண்டும். அதுவும் பிள்ளைகள் காதில் விழும்படி சொல்லவேண்டும். தோற்ற அன்று வீட்டுப் பெரியவர்கள் என்ன பேசுகிறார்கள் என்பதைத்தான் பிள்ளைகள் கிரிக்கெட் என்று கற்றுக்கொள்கிறார்கள்.

பரிசு கிடைக்காத பயணம்

காபாவில் ஜெயித்த கதையைச் சொல்லி, 'பார்த்தீர்களா, பொறுத்திருந்தால் பலன்' என்று நிறுத்திவிடுவது சுலபம். அது பாதி உண்மைதான். பொறுத்திருந்தும் பலன் இல்லாத பயணங்கள் உண்டு.

2024 நவம்பரில் இந்தியா மறுபடி ஆஸ்திரேலியா போனது. பெர்த்தில் முதல் டெஸ்டில் 295 ரன் வித்தியாசத்தில் வெற்றி. ரசிகர் அலாரத்தை 5 மணிக்குத் திருப்பி வைத்தார். அடிலெய்டில் 10 விக்கெட்டில் தோல்வி. பிரிஸ்பேனில் டிரா. டிரா ஆன அன்றே, டிசம்பர் 18ந் தேதி, அஸ்வின் சர்வதேச ஆட்டத்திலிருந்து ஓய்வு என்று அறிவித்தார். சிட்னியில் முதுகுவலியோடு நின்றவர், ஒரு சுற்றுப்பயணத்தின் நடுவில் பெட்டியைக் கட்டிக்கொண்டு ஊர் திரும்பினார். மெல்போர்னில் நித்திஷ் குமார் ரெட்டி என்ற 21 வயதுப் பையன் சதம் அடித்தபோது அவன் தகப்பனார் கூட்டத்தில் நின்று அழுதார். அவனுக்குத் துணை நின்று ஐம்பது அடித்தவர் நம் வாஷிங்டன் சுந்தர். ஆனால் கடைசி நாள் கடைசி வேளையில் 7 விக்கெட்டுகள் சரிந்தன. தோல்வி. சிட்னியிலும் தோல்வி. தொடர் 1-3 என்று போய்விட்டது.

காபா இல்லை. ரதம் இல்லை. நாமகிரிப்பேட்டை ரசிகர் ஆறு வாரம் இழந்த தூக்கத்துக்கு என்ன கணக்கு?

கணக்கு உண்டு. அந்தத் தொடரில் பும்ரா தனி ஆளாக 32 விக்கெட் எடுத்தார். கடைசி டெஸ்டில் முதுகு பிடித்துக்கொண்டது. 2025 ஜனவரி 5, ஞாயிற்றுக்கிழமை காலை, ஆஸ்திரேலியாவுக்கு 162 ரன் இலக்கு இருந்தபோது அவரால் பந்து வீச முடியவில்லை. அவர் வருவாரா, வருவாரா என்று பார்த்துக்கொண்டே இருந்தார்கள். வரவில்லை. ஆட்டம் காலையிலேயே முடிந்துவிட்டது. அப்போதும் டெலிவிஷனை அணைக்காமல், பும்ரா கோப்பை இல்லாமல் தொடர் நாயகன் பரிசை மட்டும் வாங்குவதைப் பார்த்துவிட்டு எழுந்தவர்கள் உண்டு. எழுந்து மஞ்சள் காட்டுக்குப் போனார்கள்.